ஒரு ரப்பர் புஷ் படுத்திய பாடு

போன வாரம் நண்பன் கேட்டான்: "உன்னிடம் இருக்கிற அதே மாடலில் பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமாடா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் முன் சக்கர வேலையை மூன்றாம் தடவையாக முடித்து வண்டியை எடுத்து வந்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

ஒன்பது வருடம், 1,20,000 கிலோமீட்டர். இன்ஜின், கியர், ஏசி பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் முதுகு வலித்ததில்லை. என்னை அழவைத்தது கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் துண்டு: லோயர் ஆர்மின் (முன் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) பின்பக்க புஷ், அதாவது அந்த இணைப்பில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர்.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்படித்தான் ஆரம்பித்தது. மெக்கானிக் லிங்க் ராட் என்றார், சஸ்பென்ஷனில் இருக்கிற ஒரு சின்ன இணைப்புக் கம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சத்தத்துக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும். மாற்றினோம். சத்தம் குறைந்தது, போகவில்லை. அப்புறம் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

பிரேக் பிடித்தால் நடுக்கம் என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்துக் கடைந்தோம், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் மாற்றினோம். சில வாரம் நிம்மதி, பிறகு பழையபடி. புது டிஸ்க்கே வாங்கிப் போட்டேன், அதுவும் அதே கதை. டிஸ்க் அவ்வளவு சுலபமாக வளையாது என்று பிற்பாடுதான் புரிந்தது. பெரும்பாலும் அது சீரில்லாமல் தேய்ந்து, ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் போயிருக்கும். ஹப் முகத்தில் (டிஸ்க் உட்காரும் இடம்) இருக்கிற துருவைத் துடைக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால்கூட அது நூலளவு கோணலாகச் சுற்றி, கொஞ்ச நாளில் நடுக்கத்தைக் கொண்டுவரும்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் வேறொரு மெக்கானிக். புஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்து, மீன் வாய் போலத் திறந்து மூடியது. பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் சக்கரம் பின்னால் நகர்ந்து, அதன் கோணம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. நல்ல புஷ்ஷாக இருந்தால் விழுங்கிவிடும் சின்ன நடுக்கத்தை, கிழிந்த புஷ் பெரிதாக்கி ஸ்டியரிங்குக்கு அனுப்பியது. நான் டிஸ்க்குக்குச் செலவழித்ததெல்லாம் வீண்.

பொருள் தேடியது தனிக்கதை. இந்த மாடலில் இடையில் தோற்றம் மாற்றி (ஃபேஸ்லிஃப்ட்) வந்த வண்டிகளுக்கு வேறு ஆர்ம். பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் சக்கரப் பக்கம் மாட்டும் பால் ஜாயிண்ட் பின்னின் தடிமன் வேறு. வருடத்தைச் சொல்லி வாங்கினேன், பொருந்தவில்லை. இரண்டாவது தடவை சேஸிஸ் எண்ணைக் கொடுத்த பிறகுதான் சரியானது வந்தது. புஷ் மட்டும் வாங்கி அழுத்திப் போடலாம்தான். ஆனால் இந்த புஷ்ஷின் ரப்பருக்குள் வெற்றிடங்கள் இருக்கின்றன, அவை குறிப்பிட்ட திசையில்தான் உட்கார வேண்டும். அதைத் திருப்பி அழுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முழு ஆர்மாகவே வாங்கிவிட்டேன்.

அந்தப் புது ஆர்மின் புஷ் எட்டே மாதத்தில் கிழிந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். தப்பு அவர் மேல் இல்லை. இந்த புஷ்ஷில் ரப்பர், போல்ட் நுழையும் உள்குழாயோடு ஒட்டியிருக்கும், அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கியிருக்கிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். மூன்றாம் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன். மெக்கானிக்குக் கோபம்தான், வரட்டும்.

அதோடு விடவில்லை. நடுக்கம் போன பிறகு பார்த்தால் இடது ரிம் மட்டும் கொதித்தது. பேட்களைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றினால் உள்பக்க பேட் இரண்டு மில்லிமீட்டர் தடிமன், வெளிப்பக்கம் ஏழு. காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருந்தது. யாரோ சாதாரண கிரீஸைத் தடவியதில் ரப்பர் உறை உப்பிப் போயிருந்தது. சிலிகான் கிரீஸ், புது உறை, அரை மணி நேர வேலை. இதற்கு மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை.

நண்பனிடம் சொன்னேன்: வாங்காதே. அடங்காமல் பார்க்கப் போனால், வெறிச்சோடிய சாலையில் 80-ல் பிரேக் பிடித்துப் பார், நிறுத்தியதும் நாலு ரிம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோ, அப்புறம் அடியில் கம்பி போட்டு நெம்பச் சொல்.

"அப்போ உன் வண்டியை விற்கப் போகிறாயா?" என்று கேட்டான்.

"எதுக்குடா? இப்பதானே சரியா ஓடுது" என்றேன்.