கிளிநொச்சி விசா கந்தோர்: மொழிபெயர்ப்புக்குப் போகலாம், கனடாவுக்கு வேண்டாம்

பெயர் போடவில்லை. ஏ9 வீதியோரம் கண்ணாடி முழுக்க மேப்பிள் இலை ஒட்டின கந்தோர்கள் இப்போது கனக்க, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி வெல்டர், என்விகியூ 4 (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழும் நல்ல அனுபவமும் இருக்கிறது, 'திறமைசாலிகளைக் கனடா அழைக்கிறது' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போயே தீருவன் என்று நின்றான், நானும் கூடப் போனேன்.

முதலாளிக்கு நல்லாய்க் கதைக்கத் தெரியும். பிளேன்டீ வந்தது, ஒரு வெள்ளைத் தாளில் வயது, படிப்பு, அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினார். புள்ளி பார்த்துக் கனடா ஆட்களைக் குடியேற அழைக்கிற அந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கு பொய்யில்லை, 2015 இலிருந்து நடக்கிறது, மொத்தம் 1200 புள்ளி, 2023 முதல் வெல்டர் மாதிரித் தொழில்காரர்களுக்கென்று தனியாகவும் அழைப்பு விடுகிறார்கள். ஆனால் கடைசியில் "வேலைக் கடிதம் நாங்கள் எடுத்துத் தாறம் தம்பி, அதுக்கு 50 புள்ளி" என்று எழுதி வட்டம் போட்டார் பாருங்கள், சங்கதி அங்கேதான். வேலை தருவதாக அங்கத்தைய கம்பனி கொடுக்கிற அந்தக் கடிதத்துக்கு இருந்த புள்ளியைக் கனடா 2025 மார்ச் 25 ஆம் திகதியே எடுத்துவிட்டது, அதுவும் இப்படிக் கடிதத்தைக் காசுக்கு விற்கிறவர்கள் கூடிப்போனதால். இல்லாத அந்த 50 க்கு இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள். புள்ளியில் பெரிய பங்கு ஆங்கிலப் பரீட்சைக்கு, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெயரைப் பதிய அரசாங்கத் தளத்தில் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்பதையும் சொல்லமாட்டார்கள்.

சுவரில் இன்னும் 'லண்டன் கெயர் விசா' போஸ்டர் தொங்குகிறது. வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா 2025 யூலை 22 ஆம் திகதியோடு நிறுத்தியாயிற்று. ஆள் எடுக்க உரிமம் உள்ள கம்பனிகளின் பட்டியலை அவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள், யாரும் இருந்த இடத்திலேயே பார்க்கலாம்.

ஜப்பானைப் பற்றித் தம்பிதான் கேட்டான். "அது பாசை படிக்கவேணும், உமக்குச் சரிவராது" என்று ஒரே வெட்டு. உண்மையில் 2019 இல் தொடங்கின அந்தத் திறன் தொழிலாளர் விசாவுக்குப் பட்டம் வேண்டாம், அடிப்படை ஜப்பானிய மொழியிலும் தொழிலிலும் பரீட்சை பாஸ் பண்ணினால் போதும். முதல் நிலையில் 5 வருடம்வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, அது ஒரு குறைதான். எங்கள் பொடியன்களுக்கு அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம், கந்தோருக்கு அதில் வரும்படி இல்லைப் போல.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கத்தை முதலாளியிடம் கேட்டேன், "புதுப்பிக்கக் குடுத்திருக்கு" என்றார். பற்றுச்சீட்டு மாதிரியைக் காட்டச் சொன்னால் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது, வேலை, நாடு எதுவும் அதில் இல்லை. நாங்கள் முற்பணம் கட்டாமல் எழும்பிவிட்டோம்.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். முன் மேசைத் தங்கச்சி பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பெயர் எழுத்து கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் பார்த்துத் தந்தார், விலையும் நியாயம். அதுக்கு மட்டும் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பின்னேரம் முதலாளி வந்துவிட்டால் உங்களையும் கதிரையில் இருத்திப் புள்ளி கூட்டத் தொடங்கிவிடுவார்.