நாலு படம், நாலு அம்மா

என் அக்கா மகளின் சாமத்திய வீட்டு (பெரியபிள்ளையான சடங்கு) அல்பத்தை எடுத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மூச்சு முட்டும். மட்டக்களப்புக் கல்லடியில் தையல்காரியிடம் அளவு கொடுக்கப் போனபோது, "இடுப்பில ஒரு இஞ்சி குறைச்சே தையுங்க, அதுக்குள்ள மெலிஞ்சிருவாள்" என்றாள் அக்கா. பிள்ளை மெலியவில்லை. முதுகுக் கொக்கிகள் எட்டாமல் ஐந்து பின் குத்தி, சேலைத் தலைப்பை இழுத்து மறைத்தோம். படம் பிடிக்க வந்தவர் "சிரிங்க" என்ற போதெல்லாம் சிரித்திருக்கிறாள், மூச்சை அடக்கிக்கொண்டு.

அவள் இப்போது பதினாறு வயதளவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் கூட்டாளிப் பிள்ளைகள் மூவருக்கும், உடம்பைப் பற்றிய கூச்சத்தோடு வளரும் பெண்களின் கதைகளாகத் தேடி, பின்னேரங்களில் என் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். எதை முதலில் காட்டலாம் என்று கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. நான் பார்த்தது ஒன்றைத்தான்: அந்தப் படத்தில் அம்மா என்ன செய்கிறாள்? "என்ன புள்ள, இப்பிடிப் பெருத்துப்போனா?" என்ற கேள்வியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதன்முதலில் கேட்பது குசினியில்தானே.

தமிழில் இருப்பதால் 'இஞ்சி இடுப்பழகி'யில் தொடங்கினோம். 2015இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. அனுஷ்கா இதற்காகவே உடம்பை ஏற்றி நடித்தார். மெலிய வைக்கும் நிலையங்களின் ஏமாற்றைப் போட்டு உடைக்கிறது என்பதற்காக ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் கதாநாயகி கலியாண வயதுக்காரி. அம்மாவாக வரும் ஊர்வசிக்கு மகளைக் கட்டிக்கொடுக்கும் கவலைதான் பெரிது. அந்தக் கவலையையும் படம் பகிடியாக்கி விடுகிறது. பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "அனுஷ்கா திரும்ப மெலிஞ்சிட்டாதானே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது 'டம்ப்ளின்', 2018. டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். அம்மா ஒரு காலத்து அழகுராணி, இப்போது அதே போட்டியை நடத்துபவள். பருத்த மகள் எதிர்ப்புக் காட்டவே அதில் பெயர் கொடுக்கிறாள். டொலி பார்ட்டனின் பாட்டுகள் படம் முழுக்க ஓடும். கலகலப்பான படம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அழகுராணிப் போட்டியே அந்நியம். தாயும் மகளும் சமாதானமாகிற வேகமும் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. செத்துப்போன பெரியம்மாவின் நினைவில் மகள் தைரியம் தேடுகிற இடங்கள் மட்டும் மனதில் நின்றன. பெற்றவளிடம் கிடைக்காததை பெரியம்மாவிடமோ சின்னம்மாவிடமோ வாங்கிக்கொள்வது இங்கேயும் நடக்கிறதுதான். (சின்னம்மா என்ற முறையில் இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.)

'எய்த் கிரேட்' பற்றி ஒரு வார்த்தை. நடித்த பிள்ளையின் முகப்பருவை மறைக்காமலே எடுத்திருக்கிறார்கள், அதற்கே கும்பிடலாம். ஆனால் அதில் வருவது அப்பாதான், அம்மா இல்லை. எனவே என் கணக்கில் சேராது.

'டேர்னிங் ரெட்' 2022இல் வந்த பிக்சார் படம். டொரொன்டோவில் இருக்கும் பதின்மூன்று வயது மே, ஒரு காலையில் பெரிய சிவப்புப் பண்டாவாக எழும்புகிறாள். பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று நினைத்த அம்மா, சானிட்டரி நாப்கின் பெட்டியோடு பள்ளிக்கூட யன்னலில் வந்து நிற்கும் காட்சியில் எங்கள் பிள்ளைகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நாங்கள் ஊரைக் கூட்டி, மைக்செற் கட்டி அறிவிக்கிறோமே, அது மட்டும் என்ன என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் தங்களுக்கும் வந்த பண்டாவை நகைக்குள் அடைத்து வைத்தவர்கள். கடைசியில் மே தன் அம்மாவைத் தன் வயதுப் பிள்ளையாக ஒரு மூங்கில் காட்டில் காண்கிறாள். அவளும் தன் தாய்க்கு முன்னால் நல்ல பிள்ளையாக இருக்க முடியாமல் அழுதவள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

பதினாறு தாண்டியவர்களுக்கு என் தெரிவு பழைய படம் ஒன்று: 'ரியல் விமன் ஹேவ் கேர்வ்ஸ்', 2002. பற்றீசியா கார்டோசோ இயக்கியது. லொஸ் ஏஞ்சல்ஸில் அனா என்ற மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளை, பள்ளிக்கூடம் முடிந்ததும் அக்காவின் தையல் தொழிற்சாலைக்குப் போகிறாள். ஒரு சட்டை தைக்க 18 டொலர். அதே சட்டை கடையில் 600 டொலர். கார்மண்ட்ஸில் ஜூகி தையல் மெசினுக்கு முன்னால் இருந்த அக்காமார் இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. அதனால் இந்த இடத்தை நான் விளக்க வேண்டி வரவில்லை.

தூசி பறந்து சட்டையில் படும் என்று காற்றாடியையும் போட விடமாட்டார்கள். வெக்கை தாங்காமல் அனா மேல்சட்டையைக் கழற்றுகிறாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கழற்றி, வயிற்றுத் தழும்பையும் தொடைச் சதையையும் ஆளுக்காள் காட்டிச் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும் வெட்கம் கெட்டவளுகள் என்று எழும்பிப் போகிறாள். நாங்கள் பார்த்த அன்று கச்சான் காற்று அனலாய் அடித்தது, எங்களுடையதும் தகரக் கூரை. ஒரு பிள்ளையும் முகத்தை மூடவில்லை. அனாவின் அளவுக்கே ஒரு சட்டையைத் தைத்து அக்கா கொடுக்கும் இடத்தில் என் பெறாமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

குறை இல்லாமல் இல்லை. இடையில் ஒரு படுக்கையறைக் காட்சி உண்டு. நான் எழும்பிப்போய்த் தள்ளிவிட்டேன். ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேசுவதால் நிறுத்தி நிறுத்திச் சொல்லவும் வேண்டும்.

கடைசியில் அனா படிக்க நியூயோர்க் புறப்படுகிறாள். ஆசீர்வாதம் கேட்டு அறைக் கதவடியில் நிற்கிறாள். அம்மா திறப்பதில்லை. மற்ற மூன்று படங்களும் தொடத் துணியாத இடம் இது.

வாசல்படியில் முருங்கை இலை உருவிக்கொண்டு பாதிப் படத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"அந்த மனிசி கடைசி வரைக்கும் கதவத் திறக்கல்லியா?"

"இல்லம்மா."

"படம் முடிஞ்சிட்டா?"

"ஓம், முடிஞ்சிட்டு."