மிடி ஃபைலை "ஸ்டூடியோ குவாலிட்டி" வேவ் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள் – எனக்குப் போனது 8,500 ரூபாய்

8,500 ரூபாய். பத்து மிடி ஃபைலை வேவ் ஃபைலாக, அதாவது நேரடியாகக் கேட்கிற ஒலிப்பதிவு ஃபைலாக, மாற்றித் தர. நேற்று ராத்திரி ஜிப்பைப் பிரித்துக் கேட்டேன், இன்று காலையில் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் பத்துக் குறிப்பு விலாவாரியாகத் தருகிறேன், முழுசாகப் படியுங்கள்.

தளத்தின் பெயர் வேண்டாம். ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்களையும் வேலை கொடுக்கிறவர்களையும் சேர்த்துவைக்கிற வகை. லோகோவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் கிடைக்கும். அதில்தான் விளம்பரம்: "மிடி டு வேவ், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஒரிஜினல் நாதஸ்வரம், தவில், வீணை சவுண்ட். ஸ்டெம் உண்டு." பிட்டும் கிலோஹெர்ட்ஸும் பதிவின் நுணுக்கத்தைச் சொல்கிற எண்கள், ஸ்டெம் என்றால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஃபைலாக. பாட்டுக்கு 850.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிடி ஃபைலுக்குள் சத்தமே கிடையாது. எந்த நோட், எப்போது, எவ்வளவு அழுத்தி, எப்போது விடணும் என்ற கட்டளைகள்தான் இருக்கும். அதனால்தான் ஐந்து நிமிஷப் பாட்டு 60 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. அதை வாசிக்கிற சின்தசைசர் (சத்தத்தை உண்டாக்குகிற கருவி அல்லது மென்பொருள்) எதுவோ, அதன் சத்தம்தான் பாட்டின் சத்தம். 1991-இல் வந்த ஜெனரல் மிடி முறை 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்து, தாள வாத்தியங்களை 10-ஆம் சேனலில் போட்டது. அந்த 128-இல் சித்தார் உண்டு, 105-ஆம் எண். வீணை இல்லை. மிருதங்கம் இல்லை, தவில் இல்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று 112-ஆம் எண் ஷெனாய். நாதஸ்வரத்துக்கு ஷெனாய் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

"இவ்வளவு தெரிந்தவன் ஏன் வெளியே கொடுத்தாய்?" என்று கேட்பீர்கள். அந்த வாத்தியங்களுக்கு நல்ல சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியத்தைப் பதிந்த ஒலித் தொகுப்பு) வாங்கினால் 8,500-இல் முடியாது, 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் அது ஓடவும் ஓடாது. லைப்ரரி வைத்திருப்பவரிடம் ஓட்டி வாங்கிக்கொள்வது நியாயமான வழிதான். ஆள் நியாயமாக இருந்தால்.

நம்பியது எந்த இடத்தில் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரே ஒரு கேள்வியில். விலை பேசுவதற்கு முன்பே விளம்பரம் போட்டவர் கேட்டார்: "சார், உங்க ஃபைல்ல பிட்ச் பெண்ட் ரேஞ்ச் எவ்ளோ வெச்சிருக்கீங்க? டீஃபால்ட் ரெண்டு செமிடோனா, இல்ல பன்னெண்டா?"

இந்தக் கேள்வியின் எடை தெரிந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். மிடியில் கமகம் என்பது பெரும்பாலும் பிட்ச் பெண்ட் வேலை, அதாவது ஒலிக்கிற ஸ்வரத்தை மேலேயோ கீழேயோ வளைக்கிற கட்டளை. ஒன்றும் சொல்லாவிட்டால் அது மேலே 2 செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவில் உள்ள இடைவெளி), கீழே 2 செமிடோன்தான் போகும். நீளமான ஜாருவுக்கு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதற்கு, போதாது. அதனால் சேனலின் தொடக்கத்திலேயே கன்ட்ரோலர் என்கிற அமைப்பு எண்களில் 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 12 என்று அனுப்பி வீச்சை 12 ஆக்கி வைப்போம். வாசிக்கிற மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாமல் 2-லேயே நின்றால், 5 செமிடோன் ஏற வேண்டிய ஜாரு ஒரு செமிடோன்கூட ஏறாது, பாட்டு முழுக்க அபஸ்வரம். இதில் ஒரு தடவை சூடுபட்டவர்தான் இதைக் கேட்பார். அப்படித்தான் நினைத்தேன். "பன்னெண்டு" என்றேன். "சூப்பர் சார், அப்ப கவலையே இல்ல" என்றார். 40 நொடி சாம்பிள் ஒன்று அனுப்பினார். நாதஸ்வரத்தில் மூச்சு எடுக்கிறது கேட்டது. யாருடைய வேலையோ அது.

"தளத்துல கட்டினா கமிஷன் புடிப்பாங்க சார், நேரா யுபிஐ-ல போட்ருங்க." போட்டேன். முதலில் 4,000. கலர் கலராக ட்ராக் அடுக்கிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டியதும் மீதி 4,500. மொத்தம் 8,500. அதற்குப் பிறகுதான் டவுன்லோட் லிங்க் வந்தது.

1.6 ஜிபி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் நிமிஷத்துக்கு சுமார் 34.5 மெகாபைட், பத்துப் பாட்டுக்குக் கணக்கு சரி. அளவு மட்டும்தான் சரி.

முதல் பாட்டு ஆரம்பித்த பத்தாவது நொடியில் தெரிந்துவிட்டது. இது நாதஸ்வரம் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே ஓசியில் கிடக்கிற மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சின்த், அதே மூக்கடைத்த ஷெனாய். மிடி ஃபைலை டபுள் கிளிக் செய்தால் வருமே, அதுதான். அதன் மொத்த ஒலி வங்கியும் 3 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. பிட்ச் பெண்ட் வீச்சை அந்த சின்த் தானாகவே படித்துக்கொள்ளும். அதனால்தான் கவலையே இல்லை போல.

மூன்றாவது பாட்டில் 2 நிமிஷம் 51-ஆவது நொடியில் "டிங்".

பல்லவி போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் மெசேஜ் வந்த சத்தம். இதுவரை "அவர்" என்று எழுதினேன், இனிமேல் முடியாது. அவன் செய்தது இவ்வளவுதான்: சவுண்ட் செட்டிங்கில் ஸ்டீரியோ மிக்ஸ் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். அதை எனேபிள் செய்து ரெக்கார்டிங் இன்புட்டாக வைத்தால் கம்ப்யூட்டரில் ஒலிக்கிற எல்லாமே ஃபைலுக்குள் போகும். பாட்டும் போகும், டிங்கும் போகும். ப்ளே, ரெக்கார்ட், முடிந்ததும் ஸ்டாப்.

ஜிப்பில் ஃபைல்களின் மாற்றிய நேரம் அப்படியே இருந்தது. முதல் பாட்டு 9.36, இரண்டாவது 9.41, மூன்றாவது 9.47, பத்தாவது 10.24. ஒவ்வொன்றுக்கும் பாட்டின் நீளமும் அதற்கு மேல் சில நொடியும். "மூணு நாளா மிக்ஸிங் சார், கண்ணு எரியுது" என்றவன் ஒரு மணி நேரத்துக்குள் பத்தையும் ஓடவிட்டு எழுந்து போயிருக்கிறான். மூன்றாவது பாட்டு 4 நிமிஷம் 38 நொடி, சேமித்தது 9.47. அன்று 9.45-க்கு "எவ்வளவு ஆச்சு?" என்று நான் ஒரு மெசேஜ் போட்டிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். என் மெசேஜின் சத்தத்துக்கு நானே 850 கொடுத்திருக்கிறேன்.

காதை நம்பாமல் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் போட்டு, ட்ராக் பெயர் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு (எந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டுகிற படம்) மாற்றினேன். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் அதில் பாதி, 48 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கு இடம் உண்டு. படத்தில் 11-க்கு மேல் முழுக்கக் கறுப்பு. நாலு மாடி கட்டி ஒரு மாடியில் மட்டும் குடித்தனம். அந்த "டிங்" ஒன்றுதான் 11-ஐத் தாண்டி நெட்டுக்குத்தாக நிற்கிறது. பத்து ஃபைலிலும் உருப்படியான தரத்தில் பதிவானது அதுதான்.

24 பிட்டும் பொய். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டுகிற ஹெக்ஸ் வியூவரில் திறந்து, தலைப்பகுதியைத் தாண்டிப் பார்த்தால் மூன்று பைட்டுக்கு ஒரு பைட் 00. இரண்டு பைட், 00, இரண்டு பைட், 00 என்று கடைசி வரை அப்படியே. 16 பிட்டில் பதிந்து, காலி பைட் ஒட்டி 24 ஆக்கியது.

ஸ்டெம் பத்துப் பாட்டுக்கும் என்று சொன்னது, வந்தது இரண்டுக்கு. அதுவும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் கையால் ரெக்கார்ட் அமுக்கியது. தாளம் 0.42 நொடியில் தொடங்குகிறது, பேஸ் 1.1 நொடியில். அடுக்கிப் போட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறது.

ராத்திரியே கேட்டேன். வந்த பதில்கள் வரிசையாக:

"சார் நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க."

"உங்க சவுண்ட் கார்டு ப்ராப்ளம்."

"டிங் உங்க மிடி ஃபைல்லயே இருக்கு சார்."

மிடி ஃபைலுக்குள் சத்தமே இருக்காது என்று மேலே எழுதினேனே. இதை என்னிடமே சொல்கிறான். ஸ்பெக்ட்ரோகிராம் படத்தை அனுப்பினேன். "ரீடூ பண்ணணும்னா எக்ஸ்ட்ரா 3,000 ஆகும்." நேர முத்திரைகளை அனுப்பினேன். இரண்டு நீல டிக். அதற்கப்புறம் போட்டோ காணவில்லை, ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

தளத்தின் உதவிப் பிரிவில் முதலில் வந்தது தானியங்கிப் பதில், 48 மணி நேரம் பொறுங்கள் என்று. திரும்பத் தட்டியதும் ஒருவர் வந்தார்: "தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." அவனுடைய விளம்பரம் இன்னும் இருக்கிறதே என்றேன். "கருத்துக்கு நன்றி." வங்கி வாடிக்கையாளர் சேவையில், "நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே சார்?" ஆமாம், நானேதான். 8,500-ஐயும் நானேதான் அனுப்பினேன்.

எரிச்சல் என்னவென்றால் அவன் செய்த வேலையைவிட நல்ல வேலை வீட்டிலேயே இலவசமாக நடக்கும். மிடியை வேவ் ஆக்குகிற ஃப்ளூயிட்சிந்த் மென்பொருள் இலவசம். அதற்கு வேண்டிய ஒலி வங்கி, ஃப்ளூயிட்ஆர்3 சவுண்ட்ஃபான்ட், அதுவும் இலவசம், சுமார் 140 மெகாபைட். கட்டளையில் பெரிய எழுத்து எஃப் சுவிட்ச் போட்டு வேவ் ஃபைலின் பெயர், பிறகு சவுண்ட்ஃபான்ட், பிறகு மிடி ஃபைல். ஸ்பீக்கர் வழியாகப் போகாமல் நேராக ஃபைலுக்குள் கணக்கிட்டு எழுதும். 4 நிமிஷம் 38 நொடிப் பாட்டு சில நொடியில் முடிந்துவிடும், எத்தனை மெசேஜ் வந்தாலும் உள்ளே நுழையாது. கெய்ன் (ஒலி அளவு) டீஃபால்ட் 0.2, உச்சம் அடித்துக் கரகரத்தால் அதைக் குறையுங்கள், வேவ் ஆன பிறகு குறைத்துப் பயனில்லை, வெட்டுப்பட்ட அலை திரும்பாது. கடைசி நோட்டுக்குப் பிறகு நாலு நொடி காலி விட்டு முடியுங்கள், இல்லாவிட்டால் எதிரொலியின் வால் அறுந்துவிடும். ஸ்டெம் வேண்டுமென்றால் மற்ற சேனல்களை மியூட் செய்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். எல்லாம் ஒரே பூஜ்யத்தில் தொடங்கும், தள்ளி வைக்கிற வேலை இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும், அதே பாட்டு 49 மெகாபைட். 96 என்று யாராவது பெருமை அடித்தால் உஷாராகுங்கள். நாதஸ்வரம் இதிலும் கிடையாதுதான். ஆனால் ஷெனாய்க்கு 8,500 கொடுத்த மாதிரி ஆகாது.

பத்துக் குறிப்பு என்று சொன்னேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிற மனநிலை இல்லை. அவசரத்துக்கு இவை:

சாம்பிள் அவருடைய பாட்டில் வேண்டாம். உங்கள் மிடியில் 30 நொடி, வேவ் ஆகவே கேளுங்கள். வந்ததும் ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள்.

தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஸ்டெம் இரண்டை முதலில் வாங்கி, ஒரே புள்ளியில் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, தாமதிக்க வேண்டாம். தளத்தின் மேல் புகார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டுக்கும் பேசிவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது.

ஜிப்பை அழிக்காதீர்கள், ஃபைல்களைத் திறந்து மறுபடி சேமிக்கவும் வேண்டாம், மாற்றிய நேரம் மாறிவிடும். புகாரோடு நான் இணைத்தது அந்த நேரப் பட்டியலையும் மூன்றாவது பாட்டையும்தான்.