பத்துமணிப்பூவா, பட்டிப்பூவா, குட்டைச் செண்டுப்பூவா?

வெயில் தாங்கும் குட்டைப் பூச்செடி எது என்று இலங்கை மலையகத்தில் யாராவது கேட்டால், வீடு மலையின் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பேன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலையில் காய்ந்த காற்று அடிக்கும்போது வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழை ஓயாது. வட்டவளைக்கு ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வெயிலுக்கு அசையாத செடிகள் பல அந்த ஈரத்தில் அழுகிவிடும்.

பத்துமணிப்பூ அரை அடிக்கு மேல் அவ்வளவாக எழும்பாது. இலையும் தண்டும் தண்ணீரைச் சேர்த்து வைப்பதால் இரண்டு நாள் ஊற்றாவிட்டாலும் வாடாது. வேர் ஆழம் போகாது என்பதால் வெறும் தயிர்ச்சட்டியே போதும். அடியில் ஓட்டை போட்டு, மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும். விதை தேட வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் ஒரு கிளை கிள்ளி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெயில் இருந்தால்தான் பூ விரியும். மூடுபனி நாளில் மொட்டாகவே நிற்கும், பிற்பகலில் சுருங்கிவிடும். கொழுந்து பறித்துவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவர் அதை விரிந்த நிலையில் பார்ப்பது லீவு நாளில்தான். இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

அந்த இடத்தில் பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, முந்திவிடுகிறது. மாலையிலும் பூ அப்படியே இருக்கும். வாடியது தானே உதிர்வதால் கிள்ளும் வேலையும் இல்லை. தோட்டத்து லயன் வீட்டு வாசலில் ஆடு, மாடு திரிகிற இடத்துக்கு இதைவிட நல்ல வரப்புச் செடி கிடையாது, கசப்பும் நச்சும் இருப்பதால் அவை வாய் வைப்பதில்லை. புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் இந்தச் செடியிலிருந்து வந்தவைதான். அதற்காக வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் மெல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். செடி நெடுநெடு என்று வளர்ந்துவிட்டால் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல் பாதிக்குக் குறைத்துவிடுங்கள், அடர்ந்து வரும்.

இதன் எதிரி, தண்ணீர் தேங்கும் மண். வேர் அழுகினாலும் செடி தாகத்தில் வாடுவதுபோலவே தெரியும். மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. குளிரும் ஆகாது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் விதை முளைக்கவே தயங்கும், முளைத்ததும் மஞ்சளித்து நிற்கும்.

நுவரெலியாவுக்குக் குட்டைச் செண்டுப்பூதான் சரி. ஜனவரி, பெப்ரவரி உறைபனியில் மட்டும் கருகும், மற்ற மாதக் குளிரைச் சமாளிக்கும். லீக்ஸ், கரட் பாத்திக்கு முன்பே நெருக்கமாக நட்டு வளர்த்தால் வேர்முடிச்சுப் புழுவையும் குறைக்கும். வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் வேலை. அடுக்குப் பூ மழைநீரைப் பிடித்து அழுகும், ஒற்றையடுக்கு வகை தப்பிக்கும்.

பதுளை, பண்டாரவளைக்காரர் சட்டியில் பத்துமணிப்பூவும் வரப்பில் பட்டிப்பூவும் வைக்கலாம். ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மூன்றையும் தரையில் நடாதீர்கள். அங்கே செண்டுப்பூ விதையை டிசம்பர் கடைசியில் போட்டால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் பறித்துக்கொள்ளலாம்.