கூரைமேல் சிம்னி இருக்கிறது, அதைத் தாங்கச் சுவர் இல்லை: லண்டனில் பழைய வீடு வாங்குபவர்களுக்கு

ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய விக்டோரியா காலத்து டெரஸ் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? ஆஃபர் ஏற்கப்பட்டதுமே ஏஜென்ட், "நமக்குத் தெரிந்த சர்வேயர் ஒருத்தர் இருக்கிறார், சீக்கிரம் முடித்துத் தருவார்" என்பார். எங்களுக்கும் அப்படித்தான் ஒருவர் வந்து சேர்ந்தார். நாங்கள் கேட்டது லெவல் 3, அதாவது வீட்டின் நிலையை விரிவாகச் சோதிக்கும் சர்வே; லெவல் 2 அதைவிட மேலோட்டமானது. "இந்தத் தெருவில் எல்லாம் ஒரே மாதிரி வீடு, லெவல் 2 தாராளம்" என்று அவர்களே மாற்றிவிட்டார்கள்.

அறிக்கை தடியாகத்தான் வந்தது. குளியலறை சீலன்ட் வரைக்கும் குறிப்பு உண்டு. கூரைக்கடியில் உள்ள பரணுக்கு மட்டும் ஒரே வரி: மூடி பெயின்டில் ஒட்டியிருந்ததால் பார்க்கவில்லை.

குடிபோன பிறகு இன்சுலேஷன் போட வந்தவர் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டார். ஹாலிலும் மாடி அறையிலும் இருந்த சிம்னி பிரெஸ்டை, அதாவது அறைக்குள் துருத்தி நிற்கும் புகைபோக்கிச் செங்கல் சுவரை, எந்தக் காலத்திலோ இடித்து இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பரணிலும் கூரைக்கு மேலும் உள்ள செங்கல் அப்படியே நிற்கிறது. அவ்வளவு எடைக்கும் கீழே பீம் இல்லை, குறுக்கே ஒரு மரச்சட்டம் மட்டும்தான்.

பரண் மூடியைக்கூட விட்டுவிடலாம். தெருவில் நின்று அண்ணாந்தால் சிம்னி தெரிகிறது. உள்ளே இரண்டு அறையிலும் சுவர் மட்டமாக இருக்கிறது. மேலே இருப்பதை எது தாங்குகிறது என்று கேட்க ஏணி எதற்கு?

எங்கள் வக்கீலான சொலிசிட்டரின் பங்கும் உண்டு. முன்னறை, பின்னறையை ஒன்றாக்கிய வேலைக்குக் கவுன்சில் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதற்கு இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துக் கணக்கை முடித்தார். அந்த பாலிசி, அனுமதியில்லாத வேலை என்று கவுன்சில் நடவடிக்கை எடுத்தால்தான் உதவும். செங்கல் இறங்கினால் ஒரு பென்னி வராது. நாமே கவுன்சிலைக் கூப்பிட்டு விசாரித்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

பக்கத்து வீட்டிலும் சிம்னி பிரெஸ்டை எடுத்துவிட்டார்கள். அதனால் சுவரில் பிராக்கெட் அடித்தால் போதாது, ஸ்டீல் பீம்தான் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். பொதுச்சுவர் என்பதால் 1996 பார்ட்டி வால் சட்டப்படி அவர்களுக்கு நோட்டீஸ் வேறு.

ஆகவே சர்வேயரை, அவர்களின் தொழில் அமைப்பான ரிக்ஸ் (RICS) பட்டியலில் நீங்களே தேடுங்கள். பரணைத் திறந்து வைக்கும்படி ஏஜென்டுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் "பார்க்க முடியவில்லை" என்ற இடங்களை முதலில் தேடுங்கள். எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தம் கைமாறி இருதரப்பும் கட்டுப்படும் கட்டம், ஆகும்வரை சர்வேயரைத் திரும்ப வரச் சொல்லலாம், விலகவும் செய்யலாம். வங்கி அனுப்பும் வேல்யுவேஷனை சர்வே என்று நினைக்காதீர்கள், அது வங்கிக்காகச் செய்வது.

சர்வேயர் தவறவிட்டதற்கு நஷ்டஈடு முழுதாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1991-இல் வாட்ஸ் எதிர் மாரோ வழக்கில் அப்பீல் கோர்ட் சொன்னபடி, பொதுவாகக் கிடைப்பது ரிப்பேர் செலவல்ல; கொடுத்த விலைக்கும், குறையோடு அந்த வீடு பெறும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் புகாருக்கு சர்வே நிறுவனத்தின் பதில்: சர்வே கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், "இத்தோடு எல்லாம் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போடுங்கள். போடவில்லை. இத்தகைய புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனுக்குப் போகிறோம்.