நாட்டுக் கட்டா, பிசியோவா? எங்கள் வீட்டு இரண்டு கணுக்கால்களின் கதை

பெரியவனுக்குக் கணுக்கால் மடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு, கபடியில். சின்னவளுக்குப் போன ஆகஸ்டில். பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிக்கான வாலிபால் பயிற்சி. வலைப் பக்கம் எம்பியவள், எதிரணிப் பெண்ணின் ஷூ மேல் வந்து இறங்கினாள். அவனை நாட்டுக் கட்டுக்குக் கூட்டிப்போனோம். அவளை எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு, பயிற்சி கொடுத்துக் குணமாக்குகிற பிசியோவுக்கு. சேலத்துப் பக்கம் விளையாடுகிற பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் வரும். நான் பிசியோ பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்காகக் கட்டைக் கேலி செய்யவில்லை. ஆத்தூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர். காலை ஆறு மணிக்கே திண்ணையில் பத்துப் பதினைந்து பேர். பெரியவர் பையனின் காலை மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்து, "எலும்பு நல்லாருக்கு, ஜவ்வுதான் பிசகியிருக்கு, பயப்படாத கண்ணு" என்றார். எண்ணெய் போட்டு நீவினார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் பூசி, நாலு மூங்கில் தப்பை கொடுத்து இறுக்கினார். காய்ந்ததும் கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஐந்து நாளைக்கு ஒன்றாக மூன்று கட்டு, ஒன்றுக்கு 200 ரூபாய். வலி நிஜமாகவே குறைந்தது. மூட்டை ஆடாமல் பிடித்து வைத்தால் குறையத்தானே செய்யும்.

எனக்கு இடித்தது, விரலால் தடவி எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன அந்த இடம். வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பு முனையோரம் குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கும். ஜவ்வை விட அது பலம் குறைந்தது. பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிகிற அடியில் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு பிளக்கலாம், அது சரியாகக் கூடாவிட்டால் எலும்பு கோணலாக வளரவும் வாய்ப்புண்டு. சில பிளவுகள் எக்ஸ்ரேயிலேயே தெரியாது. அதனால்தான் டாக்டர் படம் பார்த்த பிறகும் கணுக்கால் மொட்டின் மேல் அழுத்தி அழுத்திக் கேட்டார். அடிபட்டதும் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது மொட்டின் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டவே கூடாது. இறுக்கக் கட்டிய பிறகு விரல் நுனி நீலமாகி மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, நடுராத்திரி என்றாலும் உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தப்பைக் கட்டில் பெரிய ஆபத்தே அதுதான்.

முதல் இரண்டு நாள் விஷயத்தில் வீட்டில் சண்டையே நடந்தது. அம்மாயி புளியும் உப்பும் கொதிக்கவைத்துச் சூடாகப் பற்றுப் போடக் கிளம்பிவிட்டார். வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது சூடும் நீவுதலும் அதை இன்னும் ஏற்றத்தான் செய்யும். துணி சுற்றிய ஐஸ் கால் மணி நேரம், கிரேப் பேண்டேஜ், காலுக்கடியில் இரண்டு தலையணை, அவ்வளவுதான். காலை முன்னால் நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் ஒரு ஆளையும் சொன்னார்கள். அது முதுகுக்காம், நல்லவேளை.

செலவில் கட்டுதான் ஜெயிக்கும். மகளுக்கு டாக்டர், எக்ஸ்ரே, எட்டுத் தடவை பிசியோ, கணுக்கால் பிரேஸ் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம், காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

என் முடிவை மாற்றியது இது எதுவும் இல்லை. மறுபடி மைதானத்தில் இறங்குகிற நாளை யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது என்பதுதான்.

நாட்டுக் கட்டு முறையில் அதைச் சொல்வது காலண்டர். மூன்றாவது கட்டு அவிழ்ந்தது, வலி இல்லை, பையன் அன்று சாயங்காலமே களத்தில். ஒரே மாதத்தில் அதே கால். அந்த வருடத்திலேயே இன்னொரு தடவை. மூன்று முறையும் அதே திண்ணை, 1,800 ரூபாய். பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன்; வலி போனால் குணமாகிவிட்டது என்று நினைத்தது நாங்கள்.

மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்கிற நரம்பு முனைகள் ஜவ்வுக்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழிந்தால் அவையும் கெடும். வலி போனபிறகும் கால் மடங்கப்போவது மூளைக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஒரு தடவை மடங்கிய கால் மறுபடி மடங்குவது இதனால்தான். அசையாமல் கட்டிவைத்தால் அந்தப் புலன் திரும்பி வராது. பழக்கித்தான் வரவைக்க வேண்டும்.

பிசியோ பெண் இவளுக்குத் தேதியே சொல்லவில்லை. மூன்று வேலை வைத்தார். நல்ல கால் எத்தனை தடவை குதிகாலைத் தூக்குகிறதோ, அடிபட்ட காலும் ஏறக்குறைய அத்தனை. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பதும் இரண்டு காலிலும் சமமாக வர வேண்டும். ஒற்றைக்காலில் மூன்று தத்தலில் போகிற தூரம் நல்ல காலில் பத்தில் ஒன்பது பங்காவது வேண்டும். மொட்டை மாடியில் கோலமாவால் கோடு கிழித்து தினமும் அளந்தோம். பல் விளக்குவதே ஒற்றைக்காலில்தான். குறுவட்டப் போட்டி கைவிட்டுப் போனது, இரண்டு நாள் அழுதாள். நம்ம சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனே 2021 ஏப்ரலில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார் என்று அண்ணன்காரன் ஆறுதல் சொன்னான். ஏழாவது வாரம் பிரேஸ் போட்டு இறங்கினாள்.

அவள் நிற்பதைப் பார்த்து அவனும் கண்ணை மூடி நின்று பார்த்தான். இடது காலில் 22 நொடி. வலதில் ஆறு. இரண்டு வருடம் ஆன காயம்!

இரண்டு பேரையும் வைத்து நான் போட்ட கணக்கு நேர்மையானது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பையனுக்கு எக்ஸ்ரேயே எடுக்காததால் அவன் காயம் எவ்வளவு பெரியது என்பதே தெரியாது. கபடியில் கணுக்காலையே பிடித்து இழுக்கிறார்கள். மகளுக்கு மறுபடி மடங்காமல் எட்டு மாதம்தான் ஆகிறது.

பிசியோவில் ஒரு தொல்லை உண்டு, தினம் இருபது நிமிடம் பெற்றவர்களும் கூட நிற்க வேண்டும். தொலைவும் இருக்கிறது. ஏற்காட்டில் என் சித்தி மகள் பையனுக்கு இதே பிரச்சினை வந்தபோது வாரம் மூன்று நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற முடியாது என்றாள். பிசியோ அம்மா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று, பயிற்சிகளை அவள் போனிலேயே வீடியோ எடுத்துக்கொடுத்து அனுப்பினார். மாடி இல்லாத வீடு. காபி காயவைக்கிற களத்தில் கோடு போட்டிருக்கிறார்கள்.