பழைய சில்லறைச் சாமான் விற்க: திருவிழாக் கடையா, வாடகை அலுமாரியா, வட்ஸ்அப்பா?

யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் வியாபாரம் என்றதும் பெட்டகம், தேக்கு அலுமாரி, ஏ-40 கார், ஆளுயரக் குத்துவிளக்கு என்று பெரியவைதான் ஞாபகத்துக்கு வரும். அவற்றை வாங்குகிறவர்கள் வீடு தேடி வந்தே வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே பேச்சு சின்னச் சாமான்களைப் பற்றியது. மூக்குப்பேணி, பாக்குவெட்டி, சதுர ஐந்து சதம், கோலிச்சோடாப் போத்தல், எனாமல் கோப்பை, பழைய தபால் உறை என்று நூறு ரூபாயிலிருந்து ஓர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கைமாறக்கூடியவை.

இவற்றை விற்க இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன: நல்லூர்த் திருவிழாவில் கடை போடுவது, யாராவது ஒருவருடைய கடைக்குள் ஓர் அலுமாரியை வாடகைக்கு எடுப்பது, வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் படம் போட்டு விற்பது. நான் அலுமாரியின் பக்கம். சின்னச் சாமானில் விலையைவிடப் பெரிய விஷயம், ஒன்றை விற்று முடிக்க எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான். முந்நூறு ரூபாய்ச் சாமானுக்கு அரை மணித்தியாலம் பேசினால் அந்த வியாபாரம் நட்டம்.

வட்ஸ்அப் அடிபடுவது இங்கேதான். காசு செலவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பாக்குவெட்டிக்கு முன்பக்கம், பின்பக்கம், பிடி என்று படம் எடுத்துப் போட்டதும் "இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். "இருக்கு" என்றால் "கடைசி விலை சொல்லுங்கோ" என்பார். சொன்னால் ஆளைக் காணாது. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் உண்மையாகவே வாங்க வந்தாலும், கூரியர் கட்டணம் சாமானின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கும். போத்தல் என்றால் உடையாமல் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை வேறு. ஒற்றைச் சில்லறைச் சாமானுக்கு இது சரிவராது. தொகுதியாக விற்கலாம். இருபது காசுகளை ஓர் அல்பத்தில் போட்டு, அல்லது ஆறு எனாமல் கோப்பைகளைச் சேர்த்து ஒரே விலையாகப் போட்டால், ரொறன்ரோவில் இருப்பவர் பார்த்துவிட்டு கொக்குவிலில் உள்ள மச்சானை அனுப்பி எடுப்பிப்பார். அந்த அளவுக்கு வட்ஸ்அப் நல்லது.

திருவிழாக் கடையின் கணக்கு வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாள். வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் அதை ஒட்டியே வருவதால், கனடா, லண்டன், சுவிஸ் என்று போனவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும் காலமும் அதுதான். பழைய மூக்குப்பேணியைக் கண்டவுடன் "எங்கட அம்மம்மாட்டயும் இப்பிடி ஒண்டு இருந்தது" என்று சொல்பவர் பேரம் பேசுவதில்லை. பயணப்பெட்டியில் இடமும் நிறையும் பார்க்கவேண்டியவர் என்பதால் சின்னதாகத்தான் வாங்குவார். நமக்கு அது வசதி.

ஆனாலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இராது. மஞ்சம், சப்பறம், தேர், தீர்த்தம் ஆகிய நாட்களில் சனம் தோளோடு தோள் உரசிப் போகும். அந்த நெரிசலில் ஒருவரும் நின்று பழைய காசின் ஆண்டை வாசிக்கமாட்டார்கள். வியாபாரம் நடப்பது இடைப்பட்ட சாதாரண நாட்களின் மாலையில், பூசை முடிந்து கச்சான் கொறித்துக்கொண்டு திரும்பும் கூட்டத்தில். காலையில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டி மடிப்பில் கொஞ்சக் காசோடு வருவார்கள், அவர்களிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இடத்துக்கான கட்டணம், கொட்டகை, வெளிச்சம், கூட நிற்க ஓர் ஆள், இரவில் சாமானுக்குக் காவல் எல்லாம் முதலிலேயே கையைக் கடிக்கும். பொம்மைக் கடைக்காரரும் வளையல் கடைக்காரரும் அதைத் தாங்குவார்கள், அவர்களுக்கு ஒரே சாமான் ஆயிரக்கணக்கில் இருக்கும். நம்மிடம் இருப்பது ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. தனிக் கடை வேண்டாம், கைவினைப் பொருள் விற்கும் ஒருவரோடு பாதி மேசை பிடித்தால் போதும் என்பது என் எண்ணம். முற்றவெளியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அங்கே சனம் புதுச் சாமான் பார்க்க வருகிறது.

இனி அலுமாரி. எந்தக் கடைக்குள் வைப்பது என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. நவீன சந்தைக்குள் வருபவர் உடுப்பும் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பனங்கட்டி, ஒடியல், பனையோலைப் பெட்டி விற்கும் கடை சரியான இடம். அங்கே வருபவர் ஏற்கனவே "யாழ்ப்பாணத்தில் இருந்து என்ன கொண்டுபோகலாம்" என்ற யோசனையோடுதான் வருகிறார். நீண்ட விடுமுறைகளில் கோட்டையும் நயினாதீவும் பார்க்க வரும் சிங்களக் குடும்பங்களும் அங்கே ஏறி இறங்கும். அதனால் விலைச்சீட்டில் சாமானின் பெயரை மூன்று மொழியிலும் எழுதுங்கள். கடையில் நிற்கும் பிள்ளைக்கு மூக்குப்பேணி எதற்கு என்று விளக்கத் தெரியாவிட்டாலும், "உதடு படாமல் குடிக்கும் பேணி" என்று சீட்டில் ஒரு வரி இருந்தால் அதுவே விற்றுக் கொடுக்கும்.

வாடகையா கமிஷனா என்பதில் பலர் கமிஷனைக் கேட்பார்கள், விற்றால்தானே கொடுக்கிறோம் என்று. நூறு ரூபாய்ச் சாமானுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு விற்பனையையும் கொப்பியில் எழுதி, இருபது ரூபாயைக் கழித்து, மிச்சத்தை எடுத்துவைக்கக் கடைக்காரருக்கு என்ன தலைவிதி? இரண்டு கிழமையில் சலித்துப்போவார். மாத வாடகையாகப் பேசுங்கள், சீட்டைக் கிழித்துக் காசோடு ஒரு ரின்னில் போட்டால் போதும் என்று சொல்லுங்கள். மாதக் கடைசியில் சீட்டுகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும். விலைகூடிய சாமான் இரண்டொன்று இருந்தால் அவற்றுக்கு மட்டும் கமிஷன் வைக்கலாம். கடைக்காரருக்கும் அந்த அலுமாரியில் ஒரு கண் இருக்கும்.

களவு போகும், சின்னச் சாமான் அல்லவா. அதற்காக எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் பூட்டினால் விற்பனை படுத்துவிடும், கையில் எடுத்துப் பார்க்காமல் பழைய சாமான் வாங்குவோர் குறைவு. காசுகளைப் பூட்டுங்கள். மற்றதைத் திறந்த தட்டில் வையுங்கள். கீழே ஒரு கடகத்தில் "எதை எடுத்தாலும் நூறு" என்று போட்டால் பிள்ளைகள் அதற்குள்தான் கை விடுவார்கள், பிள்ளை கிளறி முடிக்கும்வரை தாய் தகப்பன் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எந்தச் சாமான் எந்த வழிக்கு என்பதிலும் வித்தியாசம் உண்டு. பித்தளைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: விற்காவிட்டால் பழைய இரும்புக்காரர் நிறுத்து எடுப்பார். அதனால் வாங்கும்போது நிறை விலையை ஒட்டி வாங்கினால் நட்டம் பெரிதாக வராது. காசுகளில் 1909இல் தொடங்கிய சதுர ஐந்து சதமும் 1944இல் வந்த அலை விளிம்பு இரண்டு சதமும் வடிவத்துக்காகவே போகும், 1963இன் அலுமினியச் சதங்கள் கடகத்துக்குத்தான். பித்தளையைப் புளி போட்டு மினுக்கலாம். காசை மினுக்கக்கூடாது, சேகரிப்பவர் தொடமாட்டார். ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை பதித்த செப்புக்காசோ, அதைவிடப் பழைய சேதுக் காசோ கைக்கு வந்தால் அலுமாரியில் வைக்கவேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், திணைக்களத்தில் கேட்காமல் விற்கக்கூடாது. கோயில் சாமான் போலத் தெரிகிற விளக்கு, மணி எதையும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்கவும் வேண்டாம்.

கடதாசிச் சாமான் தனி ரகம். கலியாண அழைப்பிதழ், பழைய சஞ்சிகை, கடைப் பற்றுச்சீட்டு இவற்றில் ஒட்டும் விலைச்சீட்டு ஒட்டினால் உரிக்கும்போது கிழியும், பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் பழைய கடதாசி என்பது வெறும் சரக்கல்ல. 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. உங்களிடம் உள்ள இதழ் அங்கே இல்லையென்றால் வருடி எடுக்கக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வட்ஸ்அப்பில் போடுங்கள். கடதாசிக்கு மட்டும் வட்ஸ்அப்தான் அலுமாரியை வெல்லும்: பாரமில்லை, உடையாது, சாதாரணத் தபாலில் போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் தை மாசியில் அலுமாரியைப் பிடித்து, எது நகர்கிறது என்று ஆடிவரை பார்க்கலாம். அதில் நகர்ந்த சாமானை மட்டும் நல்லூருக்குச் சேர்த்துக்கொண்டு போனால், பாதி மேசையே தாராளம்.